இருவருமே ஜெயிக்க நினைத்து ஆடிய செஸ் ஆட்டம் டிராவில் முடிந்தால் ஏமாற்றமாக இருக்காதா?

பதினைந்து நகர்த்தலில் கைகுலுக்கி எழுந்து போகிற டிரா எனக்கும் பிடிக்காது. ஆனால் நான் இன்னும் பத்திரமாக வைத்திருக்கும் ஒரே ஸ்கோர் ஷீட் (நகர்த்தல்களைக் குறித்துவைக்கும் தாள்) ஒரு டிரா ஆட்டத்தினுடையது.

காரைக்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி, கடைசிச் சுற்று. எதிரே தேவகோட்டைக்காரர் ஒருவர். அதற்கு முன் மூன்று முறை மோதி மூன்றிலும் என்னைத் தோற்கடித்தவர். அன்று டிராவுக்குக் கிடைக்கும் அரைப் புள்ளி இருவருக்குமே போதாது.

நடுவில் அவசரப்பட்டு ஒரு சிப்பாயை விட்டுவிட்டேன். கடைசியில் மிஞ்சியது ஆளுக்கொரு ராஜா, ஆளுக்கொரு யானை; அவருக்கு மட்டும் கூடுதலாக ஒரு சிப்பாய். இந்த நிலைக்கு ஃபிலிடோர் என்ற பிரெஞ்சுக்காரர் 18ஆம் நூற்றாண்டிலேயே டிரா செய்ய வழி சொல்லியிருக்கிறார். நம் ராஜா சிப்பாய்க்கு எதிரே நிற்க வேண்டும். யானை நம் பக்கத்திலிருந்து மூன்றாவது வரிசையிலேயே உலாவ வேண்டும். அதைத் தாண்டி அவர் ராஜா உள்ளே வர முடியாது. வேறு வழியில்லாமல் அவர் சிப்பாயை அந்த வரிசைக்குத் தள்ளியதும், யானையை மறுகோடிக்குக் கொண்டுபோய்ப் பின்னாலிருந்து செக் கொடுக்க வேண்டும். சிப்பாய்க்கு முன்னால் அவர் ராஜா ஒளிய இனி இடமில்லை.

படிக்க எளிது. கடிகாரத்தில் ஒரு நிமிடம்கூட இல்லாதபோது கை சொன்னபடி கேட்காது. இப்போதே செக் கொடு என்று பரபரக்கும். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். யானையை இப்படி ஒரு கட்டம், அப்படி ஒரு கட்டம். பத்துப் பன்னிரண்டு நகர்த்தலுக்கு அப்புறம் சிப்பாயைத் தள்ளினார். யானையை மறுகோடிக்கு இறக்கினேன். செக். மறுபடி செக். மறுபடி. ராஜாவை ஒரு கட்டம் நகர்த்தி, கடிகாரத்தைத் தட்டுவதற்கு முன், "டிரா வச்சுக்குவமா தம்பி?" என்றார்.

இப்படி ஒரு டிராவைக் காப்பாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு 2024 சிங்கப்பூர் உலக சாம்பியன் போட்டியைப் பாருங்கள். குகேஷுக்கு எதிரான 14ஆவது, கடைசி ஆட்டத்தில் அப்போதைய சாம்பியன், சீனாவின் டிங் லிரென் ஒரு சிப்பாய் குறைவாக இருந்தும் டிராவை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தார். 55ஆவது நகர்த்தலில் யானையைத் தப்பான கட்டத்தில் வைத்தார். அதோடு ஆட்டம் போனது, குகேஷ் 7.5–6.5 என்று சாம்பியன்.

எங்கள் இருவருக்கும் பரிசு இல்லை. மண்டபத்துக்கு எதிரே ஒரு பழைய செட்டியார் வீட்டுத் திண்ணையில் பலகையை விரித்து அதே நிலையை மறுபடி அடுக்கினோம். வாங்கி வைத்த டீ ஆறிப்போனது. "நீ முன்னாடியே செக் கொடுப்பேன்னுதான் தம்பி அவ்வளவு நேரம் காத்திருந்தேன்" என்றார்.