நெருக்கடிக் காலத்தில் நீதிமன்றங்கள் மின்னணு வழியில் எவ்வாறு தொடர்ந்து இயங்குகின்றன?
கட்டடத்தைப் பூட்டினாலும் நீதிமன்றம் இயங்க முடியும். ஆனால் காணொலி விசாரணை மட்டும் அதற்குப் போதாது. மனுவை இணையவழியே தாக்கல் செய்து, கட்டணத்தையும் அங்கேயே செலுத்தி, நீதிபதியும் இரு தரப்பு வழக்கறிஞர்களும் ஒரே மாதிரியாகப் பக்க எண்ணிட்ட ஆவணத்தைத் திரையில் புரட்ட முடிந்தால்தான் வழக்கு நகரும். 2020 மார்ச்சில் பெருந்தொற்று பரவியபோது இந்திய உச்ச நீதிமன்றம் காணொலிக்கு மாறியதோடு நில்லாமல், மனுத் தாக்கலுக்கான காலவரம்பையும் அம்மாதம் 15 முதல் நீட்டித்தது. இணைய வசதி இல்லாதவரின் உரிமை காலாவதியாகாமல் காத்த அந்த ஆணையே, என் பார்வையில், தொழில்நுட்பத்தைவிட முக்கியமானது. சாட்சி விசாரணை இன்னும் சிக்கலானது: கேமராவுக்கு வெளியிலிருந்து யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதை உறுதிசெய்ய, அறை முழுவதையும் சுற்றிக் காட்டுமாறு நீதிபதி கேட்பதுண்டு.