செந்நிறமாகும் போர் தண்ணீர்: மெம்பரேன் வடிகட்டி வாங்கலாமா?

கேள்வி: சென்னிமலைப் பக்கம் தோட்டம். போர் தண்ணீர் எடுக்கும்போது தெளிவாக இருக்கிறது; தொட்டியில் நின்றால் செம்மண் மாதிரி அடியில் படிகிறது. தென்னைக்குப் போட்ட சொட்டுநீர்க் குழாய் அடைத்துக்கொள்கிறது. ஆறு மாடுகளும் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கின்றன. கரண்ட் இல்லாமலே எல்லா உலோகத்தையும் எடுத்துவிடும் என்று ஒருவர் மெம்பரேன் ஃபில்டருக்கு விலை சொல்லிவிட்டுப் போனார். வாங்கலாமா?

பதில்: அவர் சொன்னதில் பாதிதான் உண்மைங்க.

நீங்கள் சொல்வதெல்லாம் இரும்பின் அடையாளம். பூமிக்குள் காற்றுப் படாதவரை இரும்பு சர்க்கரை மாதிரி கரைந்தே கிடக்கும். கரண்ட் கேட்காத மெம்பரேன் (நுண்துளைச் சவ்வு) என்றால் பெரும்பாலும் அல்ட்ரா ஃபில்ட்ரேஷன் வகை. அது துகளைப் பிடிக்கும், கரைந்ததை விட்டுவிடும். அதனால் முதலில் இரும்பைத் துகளாக்க வேண்டும். ஓட்டை போட்ட குழாயில் தண்ணீரைத் தூவலாக விழவிட்டு, ஒரு ராத்திரி தொட்டியில் நிறுத்துங்கள். நம் பக்கத்துச் சுண்ணாம்புத் தண்ணீரில் இரும்பு சீக்கிரமே துருவாகித் திரளும்.

அப்புறம் மெம்பரேன். தொட்டி ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால் அந்த அழுத்தமே போதும், மோட்டார் வேண்டாம். ஆனால் நிதானமாகத்தான் வடியும்: ஒரு சதுர மீட்டர் மெம்பரேனுக்கு மணிக்கு 4 முதல் 10 லிட்டர். மாட்டுக்கு 60 லிட்டர் வீதம் 360, வீட்டுக்கும் சேர்த்து 500 என்று வையுங்கள். மணிக்கு 5 லிட்டர் என்றாலும் ஒரு சதுர மீட்டர் நாளைக்கு 120 லிட்டர் தரும். நாலைந்து சதுர மீட்டரில் கட்டுத்தரைத் தேவை முடிந்தது.

தென்னைக்கு இது கட்டாது. ஏக்கருக்கு 70 மரம், கோடையில் மரத்துக்கு 65 லிட்டர் என்றால் 4,550 லிட்டர். 38 சதுர மீட்டர் மெம்பரேன் வாங்க வேண்டிவரும். காற்றுப்படுத்தித் தெளியவைத்து மணல் ஃபில்டர் வழியாக விட்டாலே அடைப்பு பெருமளவு குறையும்.

உப்பு இதில் குறையாது. அதற்கு ஆர்.ஓ. வேண்டும், அதற்கு அழுத்தமும் கரண்டும் வேண்டும். அதில் கழிந்துவரும் உப்புத் தண்ணீரை வரப்போரம் விட்டால் திரும்ப உங்கள் நிலத்தடிக்கே இறங்கும். திருப்பூர்ச் சாயக் கழிவால் நொய்யல் கரையில் பட்டது போதாதா?

எனக்கு உறுத்துவது குரோமியம்தான். பெருந்துறைப் பக்கம் தோல் பதனிடும் ஆலைகள் உண்டு; பதனிட குரோமிய உப்பைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துவார்கள். அதன் நச்சு வடிவமான ஆறிணைய குரோமியம் காற்றுப் பட்டாலும் கரைந்தே நிற்கும். இந்த மெம்பரேனையும் தாண்டிவிடும். பாசன நீரில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேலும், மாடு குடிக்கும் நீரில் 1 மில்லிகிராமுக்கு மேலும் குரோமியம் இருக்கக் கூடாது. விற்பவர் முக்கிக் காட்டும் டி.டி.எஸ். பேனா கரைந்த உப்பின் மொத்த அளவைத்தான் காட்டும்; அதில் இது தெரியாது.

அதனால் மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டு, ஆய்வகத்தில் உலோகச் சோதனைக்கென்று அமிலம் விட்டுத் தரும் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக் கொடுங்கள். இரும்பு, மாங்கனீசு, குரோமியம், ஈயம் நான்கையும் கேளுங்கள். முடிவு கைக்கு வரும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வீட்டில் குடிக்கவும் அந்தத் தண்ணீர் வேண்டாம்.