அவள் ஊரில்தான் இருந்தாள்

கேள்வி: என் மகளுக்கு 24 வயது, ஓ நெகட்டிவ். எனக்கு ஓ பாசிட்டிவ், என் கணவருக்கு பி பாசிட்டிவ். வரன் பார்க்கிறோம். நெகட்டிவ் பெண்ணுக்குக் குழந்தை தங்காது என்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டில் சொல்லாமல் விட்டுவிடலாமா? கல்லூரி முகாமில் ரத்தம் கொடுத்தபோது என் நம்பரை எழுதிவிட்டு வந்திருக்கிறாள். ரத்த வங்கியிலிருந்து இரண்டு தடவை போன் வந்தது. கல்யாணத்துக்கு நிற்கிற பெண், உடம்பு கெட்டுவிடுமே என்று ஊரில் இல்லை எனச் சொல்லிவிட்டேன்.
- ஒரு தாய், தஞ்சாவூர்

பதில்: மறைக்கவே கூடாது. மாப்பிள்ளை பாசிட்டிவாக இருந்தால், குழந்தையின் பாசிட்டிவ் ரத்தத்தை அவள் உடம்பு எதிர்க்காமல் தடுக்க, கர்ப்பத்தின் 28-வது வாரம் ஆன்டி-டி என்ற ஊசி, குழந்தையும் பாசிட்டிவ் என்றால் பிறந்த 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. கரு கலைந்தாலும் உடனே டாக்டரிடம் போக வேண்டும். நெகட்டிவ் என்று கேட்டதும் எழுந்து போகிற வீடு, பிரசவ அறை வாசலில் அவளுக்காக நிற்கப்போவதில்லை. போகட்டும். உங்களிடமும் உங்கள் கணவரிடமும் வெளியே தெரியாமல் இருந்த நெகட்டிவ் மரபணு, ஆளுக்கு ஒன்றாக அவளிடம் சேர்ந்திருக்கிறது. இதில் அவள் குறை என்ன?

ஆனால் போகிற போக்கில் 'ஊரில் இல்லை' என்று எழுதினீர்களே, அதைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. நம் நாட்டில் நெகட்டிவ் ரத்தம் நூற்றில் ஐந்து பேர் அளவுக்குத்தான். ரத்த வங்கிக்காரர் பதிவேட்டை விரித்து ஒவ்வொரு நம்பராகப் போட்டு உங்களிடம் வந்திருக்கிறார். அந்த நேரம் யாருடைய மகள் எந்தக் கட்டிலில் கிடந்தாளோ! உங்கள் மகளின் சிவப்பணுக்களை அவசரத்துக்கு யாருக்கும் ஏற்றலாம். அவளுக்கோ ஓ நெகட்டிவ் மட்டும்தான் சேரும். நாளை பிரசவத்தில் அவளுக்கு ரத்தப்போக்கு நிற்காமல் போனால், இன்னொரு தாய் போனை எடுத்து நீங்கள் சொன்னதையே சொன்னால் என்ன செய்வீர்கள்?

அந்த ஆன்டி-டி மருந்தே தானமாக வந்த பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியில், உருவானது. ஆஸ்திரேலியாவில் அப்படிக் கொடுத்த ஜேம்ஸ் ஹாரிசன் என்பவர் 14 வயதில் பெரிய அறுவை சிகிச்சையில் யார் யாரோ கொடுத்த ரத்தத்தால் பிழைத்தார். அதற்காகவே 1954 முதல் 2018 வரை, 81 வயதாகும்வரை, ரத்தமும் பிளாஸ்மாவுமாக ஆயிரம் தடவைக்கு மேல் கொடுத்தார். உங்கள் மகளுக்கு என்ன ஆகிவிடும்? எடை 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5 இருந்தால்தான் எடுப்பார்கள். பெண்களுக்கு நான்கு மாத இடைவெளி விடுவார்கள்.

போன் வந்ததை அவளிடம் நீங்கள் சொல்லவில்லை என்றே எனக்குப் படுகிறது. இன்றைக்கே சொல்லுங்கள், திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு இருவருமாக ரத்த வங்கிக்குப் போய், உங்கள் நம்பரை அடித்துவிட்டு அவள் நம்பரை எழுதச் சொல்லுங்கள். போனதுதான் போனீர்கள், வயதும் உடம்பும் இடம் கொடுத்தால் நீங்களும் கையை நீட்டுங்கள். ஓ பாசிட்டிவுக்கும் அங்கே ஆள் தேடுகிறார்கள்.