கேள்வி–பதில்: வரலாற்றில் கதை, எதுவரை?

கேள்வி: 1806 வேலூர்ப் புரட்சி பற்றி ஒரு மலருக்காக ஆயிரம் சொல்லில் கட்டுரை எழுதினேன். தகவலில் பிழை இல்லை. ஆனால் படித்தவர்கள், "பாடப்புத்தகம் மாதிரி இருக்கு" என்கிறார்கள். எப்படிச் சரிசெய்வது?
(வாசகர், குடியாத்தம்)

பதில்: பெரும்பாலும் தொடக்கத்தில்தான் கோளாறு. கம்பெனி வந்தது, மைசூர்ப் போர்கள், திப்புவின் வாரிசுகள் வேலூருக்கு வந்தது என்று முதல் பாதி பின்னணியிலேயே கரைந்திருக்கும். அதை 150 சொல்லுக்குள் சுருக்கி நடுவே தள்ளுங்கள்.

முதல் பத்தியில் முஸ்தபா பேக் வரட்டும். ஜூன் மாதத்திலேயே பிரிட்டிஷ் அதிகாரி கர்னல் ஃபோர்ப்ஸிடம் போய், சதி நடக்கிறது என்று எச்சரித்த சிப்பாய் அவர். விசாரிக்கும் பொறுப்பு இந்திய அதிகாரிகளிடம் போனது. அவர்களில் சிலருக்கே சதியில் பங்கு உண்டு. அவரைப் பைத்தியக்காரன் என்று சொல்லிவிட்டார்கள், சிறையில் அடைத்தாயிற்று. இனி வாசகருக்குத் தெரிந்தது கோட்டைத் தளபதிக்குத் தெரியாது. கலகம் வெடித்த ஜூலை 10 விடியல்வரை வாசகரைப் பிடித்து உட்காரவைக்க இது போதும். அலங்கார நடை தேவையில்லை.

'மத உணர்வு புண்பட்டது' என்று ஒரே வரியில் கடந்துவிடாதீர்கள். தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகையைக் காட்டுங்கள். நெற்றிக்குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்ற உத்தரவுகளை அதை அணியப்போகும் சிப்பாயின் பக்கம் நின்று சொல்லுங்கள். காரணம் தானாக விளங்கும்.

கலகம் வெடித்ததும் கோட்டைக்கு உள்ளே ஒரு பத்தி, 25 கிலோமீட்டர் தள்ளி ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு விரையும் பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி ஒரு பத்தி என மாற்றி மாற்றி எழுதலாம். பலர் சறுக்குவது இங்கேதான். அவர் கயிற்றைப் பிடித்து மதிலேறிய வீரத்தோடு கட்டுரையை முடித்துவிடுவார்கள். சுமார் நூறு சிப்பாய்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டதை அந்தப் படையோடு வந்த பிரிட்டிஷ் அதிகாரி பிளாக்கிஸ்டனே எழுதிவைத்திருக்கிறார். ஆவணங்களில் அதிகமும் வெள்ளையர் தரப்பு; வேகத்தில் நீங்களும் அந்தப் பக்கமே சாய்ந்துவிடுவீர்கள்.

கேள்வி: சிப்பாய்கள் பேசிக்கொள்வதுபோல் உரையாடல் எழுதலாமா?
(வாசகி, ஆம்பூர்)

பதில்: கூடாது. மேற்கோள் குறிக்குள் வருவது ஆவணத்தில் இருக்க வேண்டும். வேண்டுமானால் ஆவணம் சொல்லும் பொருளை அயற்கூற்றில் எழுதுங்கள்.

காட்சிக்கு வேறு வழி உண்டு. அந்த இரவில் நிலா இருந்ததா? 1806 ஜூன் 16 அன்று சூரிய கிரகணம், ஆகவே அமாவாசை. ஜூலை 10 அதிலிருந்து 24 நாள். நள்ளிரவு தாண்டி எழும் தேய்பிறை. எனவே 'பால்போல் நிலவு' என்று எழுதினால் பொய். மேகம் மூடியிருந்ததா என்பது கணக்கில் வராது, அதைத் தொடாதீர்கள்.

கேள்வி: 'இருக்கலாம்' என்று எத்தனை முறை எழுதலாம்?
(வாசகர், ஆரணி)

பதில்: ஊகிக்கும் ஒவ்வோர் இடத்திலும். பக்கத்துக்கு மூன்றைத் தாண்டினால் அந்தப் பகுதியையே வெட்டிவிடுங்கள்.