தாயுமானவர் சந்நிதிக்கு மேலே

கேள்வி: எனக்கு வயது 46. பிறந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் திருச்சியில்தான். ஆனால் இன்றுவரை உச்சிப் பிள்ளையாரைப் பார்த்ததில்லை. மலைக்கோட்டையில் தாயுமானவர் சந்நிதி வரை போய்விடுவேன். அதற்கு மேல் வெட்டவெளியில் பாறையைக் குடைந்த படிகளைக் கண்டதும் உள்ளங்கால் கூசும், அடிவயிறு கலங்கும், அங்கேயே உட்கார்ந்துவிடுவேன். வீட்டு மொட்டைமாடியில் வடகம் காயப்போடுவதுகூட நட்டநடுவில்தான். மகள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றால் கத்திவிடுவேன். பெங்களூரில் படிக்கும் அவள் இப்போது பாறையேறும் குழு ஒன்றில் சேர்ந்திருக்கிறாள். "ராமநகரத்துக்கு ஒரு நாள் வாம்மா, கயிறு கட்டி ஏற்றிவிடுகிறேன், ஒரே நாளில் பயமெல்லாம் போய்விடும்" என்கிறாள். கணவர், "இந்த வயதில் குரங்கு வேலை எதற்கு?" என்று சிரிக்கிறார். பாதியில் மயங்கி விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பது என் கவலை. போகலாமா?
- பெயர் வேண்டாம், திருச்சி.

பதில்:

போங்கள் அம்மா. ஆனால் உங்கள் மகள் சொல்லும் காரணத்தை நம்பிப் போகாதீர்கள். நாற்பது வருடம் கூடவே வளர்ந்த பயம் ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பாது. அப்படிக் கிளம்பும் என்று எதிர்பார்த்துப் போனால், திங்கட்கிழமை மாடிப்படியில் மறுபடி கால் கூசும்போது, இனி நமக்கு விமோசனமே இல்லை என்று முடிவு கட்டிவிடுவீர்கள். நான் அப்படித்தான் கட்டினேன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் மயக்கம். ரத்தத்தையோ ஊசியையோ கண்டு பயப்படுபவர்களுக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். அவர்கள் மயங்கி விழுவது உண்டு. உயரப் பயம் அதற்கு நேர்மாறு. இதயம் தடதடக்கிறது, அழுத்தம் ஏறுகிறது. விழப்போகிறோம் என்று தோன்றுமே தவிர, மயங்கி விழுவது அபூர்வம். நாற்பது வருடத்தில் எத்தனை முறை மயங்கினீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் ஒருமுறைகூட இல்லை.

ஒரு சந்தேகத்தை மட்டும் தீர்த்துக்கொள்ளுங்கள். படுக்கையில் புரண்டாலோ, தலையை அண்ணாந்தாலோ அறையே சுழல்வதுபோல் இருக்கிறதா? அது உயரப் பயம் இல்லை, உள்காது சம்பந்தப்பட்ட தலைச்சுற்றலாக இருக்கலாம். அதற்குக் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தம், இதயம், முழங்கால் விஷயத்தில் ஏதேனும் இருந்தாலும் மருத்துவரிடம் கேட்டுவிட்டே போங்கள். பதற்றம் தணிக்கும் மாத்திரையைத் தோழி கொடுத்தாள் என்று விழுங்கிவிட்டுப் பாறைப் பக்கம் போகவே கூடாது.

இனி என் கதை. எனக்கும் இதே வியாதி. சில வருடங்களுக்கு முன்பு ஒரு மலைவாசத்தலத்தில், நண்பர்கள் பேச்சைக் கேட்டு, கம்பியில் தொங்கியபடி பள்ளத்தாக்கைத் தாண்டும் ஜிப்லைனில் ஏறினேன். ஏறினேன் என்பதுகூடப் பொய். மேடையிலிருந்து பின்னால் ஒருவர் தள்ளிவிட்டார். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம் கண்ணைத் திறந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள், சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள். மறுநாள் காலை விடுதியின் இரண்டாம் மாடி வராந்தாவில், பழையபடி சுவரைத் தடவித் தடவி நடந்துகொண்டிருந்தேன். சான்றிதழ் கைப்பையில் இருந்தது.

நடந்தது என்னவென்று பின்னால்தான் புரிந்தது. பயம் உச்சிக்கு ஏறிய நொடியில் கண்ணை மூடினேன். அது இறங்குவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. "உயரத்தில் இருந்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்று மூளை கற்றுக்கொள்ள இடமே கிடைக்கவில்லை. "கண்ணை மூடியதால் பிழைத்தேன்" என்பதைத்தான் அது கற்றுக்கொண்டது. மீள்கயிறு கட்டிக் குதிக்கும் பஞ்சி, ஜிப்லைன், கண்ணாடிப் பாலம் என்று இப்போது ஊருக்கு ஊர் முளைத்திருப்பவை உயரத்தை விரும்புகிறவர்களுக்குப் பண்டிகை. நமக்கு அவை முதல் பாடம் ஆகாது. நமக்கு வேண்டியது, பாதியில் நிற்கவும், நின்ற இடத்திலேயே பயம் தணியும்வரை இருக்கவும், வேண்டும்போது இறங்கவும், மறுபடி அதே இடத்துக்கு ஏறவும் இடம் தரும் ஒன்று. மேலிருந்து கயிறு கட்டிய பாறையேற்றம் அப்படிப்பட்டது. உங்கள் மகள் தெரிந்தோ தெரியாமலோ சரியான விளையாட்டைத்தான் சொல்லியிருக்கிறாள்.

அது சரியானதாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் ஊர்ப்பக்கம் காலையும் மாலையும் பனையேறிய பெரியவர் ஒருவரை, ஒருமுறை தேவாலய மணிக்கூண்டுக்கு மேலே அழைத்துப் போனோம். எட்டிப் பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துகொண்டார். "மரத்தில் கட்டிப்பிடிக்க மரம் இருக்கிறது. இங்கே என்ன இருக்கிறது?" என்றார். எனக்கு அன்று சிரிப்பு வந்தது. அவர் சொன்னதில் உடலியல் இருக்கிறது.

நாம் அசையாமல் நிற்பதாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் எந்நேரமும் இலேசாக முன்னும் பின்னும் ஆடிக்கொண்டேதான் நிற்கிறோம். கண்ணும், உள்காதின் சமநிலை உறுப்பும், பாதமும் மூட்டுகளும் தரும் உணர்வும் சேர்ந்து அந்த ஆட்டத்தைத் திருத்திக்கொண்டே இருக்கின்றன. பக்கத்தில் ஒரு தூணோ சுவரோ இருந்தால் சிறிய ஆட்டமும் கண்ணுக்குப் பிடிபடும். மலைக்கோட்டைப் படியில் கிட்டத்தில் என்ன இருக்கிறது? கண்ணுக்கெதிரே தூரத்தில் காவிரி, அதற்கும் அப்பால் ஸ்ரீரங்கத்துக் கோபுரம். அவ்வளவு தொலைவிலிருக்கும் பொருள் நம் ஆட்டத்துக்குக் கண்ணில் அசைந்து காட்டாது. "அசையவில்லை" என்கிறது கண். "அசைகிறாய்" என்கின்றன காதும் காலும். அந்தக் குழப்பம்தான் உள்ளங்கால் கூச்சமாக வருகிறது. இந்த அளவுக்குக் கூசுவது எல்லோருக்கும் உண்டு. நம்மைப் போன்றவர்கள் அதை ஆபத்தின் மணியோசையாக எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

பாறையில் ஏறும்போது மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் பாறை இருக்கும். இரண்டு கையும் அதில் இருக்கும். மொட்டைமாடி விளிம்பைவிட முப்பது அடிப் பாறை எளிதாகத் தோன்றுவது அதனால்தான். ஏறிப் பார்த்தால் நீங்களே வியப்பீர்கள்.

ராமநகரம் பெங்களூரிலிருந்து மைசூர் சாலையில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். பழைய இந்திப் படத்தில் கொள்ளைக்காரர்கள் திரிந்த அதே கருங்கல் குன்றுகள். அங்கே ராமதேவர பெட்டாவில் 2012 முதல் பாறுக் கழுகுகளுக்கான சரணாலயம் இருக்கிறது. எல்லாப் பாறையிலும் ஏறிவிட முடியாது. அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்று மகளிடம் கேளுங்கள். அதைக் கேட்டதும் விழிக்கிற குழுவாக இருந்தால், கயிற்று விஷயத்திலும் விழிக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

கயிறு எப்படி வேலை செய்கிறது என்பதைத் தரையிலேயே நன்றாகப் பார்த்துவிடுங்கள். பயந்தவர்களுக்கு ஆறுதல் வார்த்தையைவிட இயந்திரம் புரிவது உதவும். இடுப்பிலும் தொடைகளிலும் ஹார்னஸ் என்னும் பட்டை. அதில் எட்டு வடிவ முடிச்சைத் திருப்பிக் கோர்த்துக் கயிற்றைக் கட்டுவார்கள். அந்தக் கயிறு உச்சிக்குப் போய், அங்கே ஒன்றையொன்று நம்பாத குறைந்தது இரண்டு பிடிமானங்களில் மாட்டிய வளையத்தின் வழியாகத் திரும்பக் கீழே வருகிறது. கீழே ஒருவர் அதைத் தன் இடுப்பிலுள்ள கருவி வழியாக இழுத்துக்கொண்டே இருப்பார். இதற்குப் பிலே என்று பெயர். நீங்கள் ஏற ஏறத் தொங்கல் குறையும். வழுக்கினால் பெரும்பாலும் ஒன்றிரண்டு அடி சறுக்கி ஊஞ்சல்போல் உட்கார்ந்துவிடுவீர்கள். கயிற்றை மாட்டும், பூட்டுள்ள காராபினர் வளையம் நெடுக்குவாக்கில் ஏறக்குறைய இரண்டு டன் இழுவைக்காவது தாங்க வேண்டும் என்பது தரநிர்ணயம். உங்கள் எடை என்னவென்று நான் கேட்கவில்லை.

ஏறுவதற்கு முன் கட்டியவரும் பிடிப்பவரும் ஒருவர் முடிச்சை ஒருவர் தொட்டுச் சரிபார்ப்பது கட்டாயம். ஹெல்மெட்டும் கட்டாயம். "ஒரே மூச்சில் மேலே போய்விடுங்கள், பயம் தெரியாது" என்று யாராவது உற்சாகப்படுத்தினால், காதில் வாங்காதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. மூன்றடி ஏறியதுமே "பிடியுங்கள்" என்று சொல்லிவிட்டு, இரண்டு கையையும் பாறையிலிருந்து எடுத்துக் கயிற்றில் உட்காருங்கள். மூன்றடியில் கையை விடுவதுதான் அன்றைய நாளிலேயே பெரிய வேலை; அதற்கு எனக்குக் கால்மணி நேரம் ஆனது. பிறகு ஏறுங்கள். பயத்துக்குப் பத்துக்கு எவ்வளவு என்று மனதில் மதிப்பெண் போட்டுக்கொண்டே போங்கள். ஏழு வந்ததும் நில்லுங்கள். பாறையின் மணிகளைப் பாருங்கள், மூச்சை நீளமாக விடுங்கள், கண்ணை மட்டும் மூடாதீர்கள். ஏழு நாலாக இறங்கும். சில சமயம் ஐந்து நிமிடம், சில சமயம் பதினைந்து. இறங்கிய பிறகு தரைக்கு வாருங்கள். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி அதே இடத்துக்குப் போங்கள். ஏழில் இருக்கும்போதே இறங்கிவிட்டால் என் ஜிப்லைன் கதைதான். உச்சியைத் தொடுவது அன்றைய வேலையே இல்லை. பத்தடிக்கு ஆறு முறை போய் வந்தவர், நாற்பதடிக்கு ஒருமுறை பதறி ஓடி வந்தவரைவிட அதிகம் கற்றிருப்பார்.

நடுவில் கால் தானாகக் கிடுகிடுவென்று ஆடும். பாறையேறுபவர்கள் இதைத் தையல் மெஷின் கால் என்பார்கள், தேர்ந்தவர்களுக்கும் வரும். குதிகாலைக் கீழே தாழ்த்தினால் நின்றுவிடும். இன்னொன்று: பயத்தில் பாறையைக் கட்டிக்கொள்ளத் தோன்றும். சரிந்த கருங்கல்லில் அப்படி ஒட்டிக்கொண்டால் பாதத்தின் அழுத்தம் குறைந்து வழுக்கும். இடுப்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, எடையைப் பாதத்தில் போட்டால் காலணியின் ரப்பர் பிடிக்கும். பனையேறிப் பெரியவரின் பாடம் இங்கே செல்லாது.

முதல் நாள் மகளைப் பிலே பிடிக்க விடாதீர்கள். அவள் கெட்டிக்காரியாகவே இருக்கட்டும், பயிற்சியாளர் பிடிக்கட்டும். மகள் கையில் கயிறு இருந்தால் அவளுக்காக ஏறுவீர்கள், அவள் முகம் வாடக் கூடாது என்று ஏழிலும் எட்டிலும் சமாளிப்பீர்கள். அவள் தள்ளி உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தால் போதும்.

போவதற்கு முன் ஆறு வாரம் அவகாசம் கேளுங்கள். உங்கள் ஊரிலேயே பெங்களூர்க்காரர்கள் காசு கொடுத்தாலும் கிடைக்காத பயிற்சிக்கூடம் இருக்கிறது. கூட்டமில்லாத நாளில் தாயுமானவர் சந்நிதிக்கு மேலே ஐந்து படி. கம்பியைப் பிடித்துக்கொள்ளலாம். பார்வை காவிரியில் வேண்டாம், கம்பியில் இருக்கட்டும். ஏழு நாலாகும்வரை உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அடுத்த முறை எட்டுப் படி.

இது புது வைத்தியமும் இல்லை. ஜெர்மானியக் கவி கெதே, 1770இல் ஸ்ட்ராஸ்பூர் நகரில் சட்டம் படிக்கப் போனபோது உயரத்தைக் கண்டால் தலைசுற்றுகிறவர். அங்கிருக்கும் பேராலயத்தின் கோபுர உச்சிக்குத் தனியாக ஏறி, கால்மணி நேரம் உள்ளே ஒண்டியிருந்துவிட்டு, பிடித்துக்கொள்ள அதிகம் இல்லாத சிறிய மேடைக்கு வந்து நிற்பாராம். பயம் மரத்துப்போகும்வரை திரும்பத் திரும்பச் செய்ததாகத் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். பின்னாளில் மலைப் பயணங்களிலும் ரோமாபுரியின் கட்டடங்களிலும் அது கைகொடுத்ததாம். அவருக்குக் கயிறு கட்ட ஆளில்லை; அந்தப் பகுதியை மட்டும் பின்பற்ற வேண்டாம்.

பயம் போகுமா என்ற கேள்விக்கு என் நிலைமையைச் சொல்கிறேன். மூன்று வருடமாகப் பாறை ஏறுகிறேன். அறுபதடியில் தொங்கிக்கொண்டு கடலை மிட்டாய் தின்றிருக்கிறேன். ஆனாலும் போன மாதம் ஒரு வணிக வளாகத்தின் நாலாவது மாடியில், எஸ்கலேட்டர் பக்கத்துக் கண்ணாடித் தடுப்பைக் கண்டதும் உள்ளங்கால் கூசியது. பாறையில் கற்றதைக் கண்ணாடித் தடுப்பிலும் தனியாகக் கற்க வேண்டியிருக்கிறது. பழைய பயம் அழிவதில்லை. பக்கத்தில் புதிதாக ஒரு பழக்கம் வந்து உட்காருகிறது. விட்டுவிட்டால் பழையது கையை ஊன்றி எழும். நான் தடுப்பருகே நின்றேன், ஏழு நாலானது, சுக்குக் காபி குடிக்கப் போனேன்.

இந்தப் பயத்தால் வேலையை மறுக்கிறீர்கள், பாலத்தைச் சுற்றிக்கொண்டு போகிறீர்கள் என்ற அளவுக்கு இருந்தால், பாறையை ஒத்திவைத்துவிட்டு ஒரு மருத்துவ உளவியலாளரைப் பாருங்கள். அவரும் இதே படிமுறையைத்தான் செய்வார், கூடுதல் பக்குவத்தோடு.

உங்கள் கணவரையும் ராமநகரத்துக்கு அழைத்துப் போங்கள். ஹார்னஸ் கட்டியதும் அவர் முகத்தைப் பாருங்கள், எனக்கும் எழுதுங்கள்.

புடவை வேண்டாம், நீளக் கால்சட்டை நல்லது. தலைமுடியை இறுக்கிக் கட்டுங்கள். மோதிரமும் வளையலும் வீட்டிலேயே இருக்கட்டும். பாறை இடுக்கில் மோதிரம் மாட்டினால் விரலுக்கு ஆபத்து. தாலிக்கொடியைக் கழற்ற மனம் வராவிட்டால் உடைக்குள் செருகி ஊக்குக் குத்திக்கொள்ளுங்கள். மெட்டியைக் கட்டாயம் கழற்ற வேண்டும். பாறையேறும் காலணி அவ்வளவு இறுக்கம், மெட்டியோடு விரல் நுழையாது.