பத்துக் கல் தூரம்

வணக்கம் ஐயா,

ஒரு ஆங்கில நாவலை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் ‘மைல்’ என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. தூரமாக வரும் இடங்களில் கிலோமீட்டராக மாற்றிவிட்டேன். ‘மைல்ஸ் பெட்டர்’, ‘மைல்ஸ் அவே’ என்று வரும்போது விழிக்கிறேன். ‘எக்ஸ்ட்ரா மைல்’ என்பதைக் ‘கூடுதல் மைல்’ என்று போட்டிருக்கிறேன். கடல் மைலும் இதுவும் ஒன்றுதானா? தமிழில் தூரத்துக்கு இத்தனை சொற்கள் இல்லாததால் சிரமமாக இருக்கிறது.

— ஒரு வாசகி, வேளச்சேரி

அன்புள்ள அம்மா,

கடல் மைல் வேறு. அது 1852 மீட்டர், தரை மைல் 1609 மீட்டர் சொச்சம். ‘மைல்ஸ் பெட்டர்’ என்றால் எத்தனையோ மடங்கு மேல். ‘மைல்ஸ் அவே’ என்று ஒருவரைச் சொன்னால் ஆள் இங்கே, நினைப்பு எங்கேயோ. இவை உங்களுக்கே தெரிந்திருக்கும், ஆங்கிலச் சொல்லைக் கண்டு பயந்துவிட்டீர்கள், அவ்வளவுதான்.

‘கூடுதல் மைல்’தான் எனக்குக் கோபம் வரவழைத்தது. அந்தப் பேச்சு மத்தேயு சுவிசேஷத்தின் ஐந்தாம் அதிகாரத்திலிருந்து வந்தது. ரோமானியப் படைவீரன் வழியில் போகிற எவனையும் பிடித்துத் தன் சுமையை ஒரு மைல் தூக்க வைக்கலாம். அப்படி ஒருவன் கட்டாயப்படுத்தினால் அவனோடு இரண்டு மைல் போ என்கிறார் இயேசு. சுமை தூக்குகிறவனின் தோள்வலி அதில் இருக்கிறது. ‘கூடுதல் மைல்’ என்று எழுதினால் வாடகைக் கார் ரசீது மாதிரி இருக்கிறது. ‘கேட்டதற்கு மேலேயே செய்தான்’ என்று எழுதுங்கள். ‘ஒரு படி மேலே போய்’ என்றும் சொல்லலாம். நம் வீட்டில் அப்படித்தானே பேசுகிறோம்?

அப்புறம், தமிழில் சொல் இல்லை என்கிறீர்கள். இதை எழுதும் முன் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். கூப்பிடு தூரம், கல்லெறி தூரம், காதம் எல்லாம் என்ன? மைலுக்கே நம்மிடம் ‘கல்’ என்று ஒரு சொல் இருந்ததே! ‘பத்துக் கல் நடந்து வந்தேன்’ என்று என் அப்பா தலைமுறையே பேசியது. சாலையோரம் நட்ட கல்லே தூரத்துக்குப் பெயராகிவிட்டது. தர்மபுரிப் பக்கம் அதியமான் பெருவழியில் ஒரு பழைய கல் கிடைத்திருக்கிறது. நாவல் தாவளம் என்ற ஊருக்கு 29 காதம் என்று அதில் வெட்டியிருக்கிறார்கள். கூடவே பெரிய குழி இரண்டு, சிறிய குழி ஒன்பது. எழுத்துத் தெரியாதவரும் தடவிப் பார்த்தே இருபத்தொன்பது என்று தெரிந்துகொள்ளலாம்.

அந்தக் குழிகளைப் பற்றிப் படித்தபோது எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. அவர் ரோட்டு வேலை செய்தவர். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போகிற சாலையில் மைல்கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்து, கறுப்புப் பெயிண்டில் ஊர்ப் பெயரும் எண்ணும் எழுதுவார். அவருக்கு எழுத்துத் தெரியாது. பழைய எழுத்தின் தடம் அழியாமல் சுற்றிலும் சுண்ணாம்பு பூசி, அதே தடத்தின் மேல் தூரிகையை ஓட்டுவார். ‘செங்கல்பட்டு’ என்ற சொல்லை அவர் கைக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. லீவு நாளில் நான் பெயிண்ட் டப்பா பிடிப்பேன்.

1956இல் மெட்ரிக் சட்டம் வந்தது. சாலைக் கற்கள் மாற இன்னும் பல வருடம் ஆனது. கூடுவாஞ்சேரிப் பக்கம் 10 என்றிருந்த இடத்தில் 16 வந்தது. அப்பா அந்தப் புதுக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். “ஊரு தள்ளிப் போயிடுச்சாடா?” என்று கேட்டார். நான் பள்ளிக்கூடத்துப் பெருமையில் கணக்குச் சொன்னேன். அவர் அதைக் கேட்கவே இல்லை. பத்துக் கல் இருந்த வழியில் இனி பதினாறு கல். பழைய எழுத்தின் தடமும் போயிற்று. புது எழுத்தை வேறொருவர் வந்து எழுதினார், அப்பாவுக்குச் சுண்ணாம்பு வேலை மட்டும் மிஞ்சியது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வரும்வரை அவர் பேசவில்லை. அவருக்கு அப்போதே எழுத்துச் சொல்லிக்கொடுத்திருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், மைலைக் கிலோமீட்டராக்காதீர்கள். மைல் என்ற சொல்லே லத்தீனில் ஆயிரம் என்பதிலிருந்து வந்தது. இடது கால் ஊன்றியதிலிருந்து மறுபடி இடது கால் ஊன்றும்வரை ஒரு தப்படி, அப்படி ஆயிரம் தப்படி ஒரு மைல். பிறகு 1593இல் ஆங்கிலேயர் அதை எட்டு ஃபர்லாங், 5280 அடி என்று சட்டம் போட்டு நீட்டினார்கள். அந்த ஃபர்லாங்கும் உழவனின் சால் நீளம்தான். காலும் ஏரும் அளந்த சொல் இது. உங்கள் நாவலில் பத்து மைல் நடக்கிற ஒருவரை ‘16.09 கிலோமீட்டர்’ என்று எழுதினால், கையில் மீட்டர் வைத்துக்கொண்டு நடந்த மாதிரி ஆகிவிடும். மைல் என்றே விடுங்கள். கிராமத்து ஆள் பேசுகிற இடமாக இருந்தால் ‘கல்’ என்று போட்டுப் பாருங்கள், வாக்கியம் எப்படி மாறுகிறது என்று உங்கள் காதுக்கே தெரியும்.

முதல் இரண்டு அத்தியாயத்தை அனுப்புங்கள் அம்மா. கண் சரியில்லை, கொஞ்சம் பெரிய எழுத்தில் அச்செடுத்துத் தபாலில் அனுப்பினால் நல்லது.