தரம் 12 மகளின் துணிச் செயற்றிட்டம்: எங்கே தொடங்குவது, எப்படி முடிப்பது?

கேள்வி: மகள் தரம் 12 படிக்கிறாள். துணியால் ஒரு பயன்பொருளைத் தானே வடிவமைத்துத் தைத்து, அதற்கான கோவையோடு ஒப்படைக்க வேண்டுமாம். 10 கிழமை இருக்கிறது. தையல் ஓரளவு தெரியும். என்ன செய்யலாம், எப்படித் திட்டமிடுவது?

நான் மட்டக்களப்பில் களுவாஞ்சிக்குடிப் பக்கம். பாடசாலையில் இதே மாதிரி ஒரு செயற்றிட்டம் செய்தவள். இப்போது வீட்டில் தையல் பழக்குகிறேன். ஒவ்வொரு வருடமும் இரண்டு மூன்று பிள்ளைகளாவது இந்த வேலையோடு வந்து நிற்பார்கள். வரும்போதே "அக்கா, கைப்பை தைக்கப் போறேன்", "குஷன் உறை தைக்கப் போறேன்" என்று பொருளை முடிவுசெய்திருப்பார்கள். யாருக்கு என்று கேட்டால் பேசாமல் நிற்பார்கள். பாதியில் வேலை நின்றுபோவது பெரும்பாலும் இதனால்தான். எவ்வளவு அகலம், எத்தனை பொக்கற், எந்தத் துணி என்று அடிக்கு அடி முடிவெடுக்க வேண்டும். பாவிக்கப்போகிற ஆள் மனதில் இல்லாவிட்டால் எந்த முடிவுக்கும் காரணம் சொல்ல முடியாது. கோவை முழுக்க "அழகாக இருப்பதால்" என்றுதான் எழுத வரும்.

அதனால் முதல் கிழமை மகள் பொருளைத் தேட வேண்டாம், ஒரு ஆளைத் தேடட்டும். அடிக்கடி போய்ப் பார்க்கக்கூடிய ஆளாக இருக்க வேண்டும். துணியால் தீர்க்கக்கூடிய ஒரு சின்னக் கரைச்சல் அவருக்கு இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

எனக்குக் கிடைத்தது எங்கள் ஒழுங்கையில் இருந்த ஒரு மாமி. சந்தையில் வாவி மீன் விற்பவர். காசை ஒரு பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் செருகி வைத்திருப்பார். மீன் கையால் அதை அவிழ்ப்பதும் கட்டுவதுமாகவே காலை போய்விடும். இரண்டு சனிக்கிழமை, ஒரு மணித்தியாலம் வீதம் அவருக்குப் பக்கத்தில் கொப்பியோடு இருந்தேன். ஒரு மணித்தியாலத்தில் 40 தடவைக்கு மேல் அந்தப் பொலித்தீன் பையை அவிழ்த்தார். எப்போதும் இடது கை, அதிலும் இரண்டு விரல்தான், ஏனென்றால் வலது கையில் கத்தி. தாள் காசு நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சில்லறை அடியில் போய்க் கிடக்கும். போன் அடித்தால் எடுக்கவே மாட்டார். இதெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. "என்ன மாமி கஷ்டம்?" என்று கேட்டபோது "ஒரு கஷ்டமும் இல்லை புள்ள" என்றுதான் சொன்னார். பழகிப்போன கரைச்சல் சொந்தக்காரர் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே கேள்விக்கொத்து நிரப்புவதோடு நிற்காமல், பக்கத்தில் இருந்து பார்த்து எண்ணச் சொல்லுங்கள். அந்த எண்ணிக்கை கோவையின் முதல் பக்கத்துக்குப் போகும்.

பார்த்ததிலிருந்து நிபந்தனைகளை எழுத வேண்டும். இந்தப் பகுதியைப் பிள்ளைகள் இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அப்படி விட மனம் வராது, ஏனென்றால் கடைசியில் பொருள் சரியா பிழையா என்று அளக்கிற அளவுகோல் இதுதான். "நல்ல பலமாக இருக்க வேண்டும்" என்று எழுதினால் அதை எதை வைத்துச் சோதிப்பது? நான் எழுதியவை இப்படி: இடது கையின் இரண்டு விரலால் திறக்க வேண்டும். 1000 ரூபாய்த் தாள் மடிக்காமல் உள்ளே போக வேண்டும். அந்தத் தாள் ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் நீளமும் 7 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைந்த அகலமும் கொண்டது; விரலும் நுழைய வேண்டும் என்பதால் பொக்கற்றின் வாய் 18 சென்ரிமீற்றர். சில்லறைக்கு வேறு பொக்கற், அதன் அடி வளைவாக, நாணயம் மூலையில் போய் மாட்டாதபடி. மாலையில் கழுவினால் விடிவதற்குள் காய வேண்டும். போனுக்கும் ஒரு பொக்கற் வேண்டும். சீலைக்கு மேல் கட்ட வேண்டும். ஒவ்வொரு வரியும் செய்து பார்த்து ஆம், இல்லை என்று சொல்லக்கூடியதாக இருப்பதைக் கவனியுங்கள். இதை எழுதி முடித்தபோது நான் தைக்க வேண்டியது பையில்லை, பொக்கற் வைத்த இடுப்புத் துணி என்பது தானாகவே தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் வரைபடம். குறைந்தது நாலு வேறு வேறு யோசனை. ஒரே படத்துக்கு நாலு நிறம் தீட்டுவது நாலு யோசனையாகாது. மூடும் விதத்தை மாற்றலாம், கட்டும் விதத்தை மாற்றலாம், பொக்கற் இருக்கும் இடத்தை மாற்றலாம். ஒவ்வொன்றையும் அந்த நிபந்தனைப் பட்டியலுக்கு எதிரே வைத்து, ஏன் விட்டேன் என்று பக்கத்திலேயே எழுத வேண்டும். நான் இரும்பு அழுத்துப் பொத்தானை விட்டேன், உப்புத் தண்ணீரில் துருப்பிடித்துத் துணியில் கறை இறக்கும். வெல்க்ரோவை விட்டேன், மீன் செதிள் அதன் கொக்கிகளுக்குள் புகுந்தால் பிடிக்காது. கடைசியில் எதுவுமே கொழுவாமல், மேல் துணி 6 சென்ரிமீற்றர் கீழே இறங்கி வாயை மூடுகிற மாதிரி வைத்தேன். மிக எளிமையானதுதான் நின்றது.

துணியைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு பெரிய வாய்ப்பு இருக்கிறது. களுவாஞ்சிக்குடியிலிருந்து கல்முனை பஸ் எடுத்தால் வழியில் மருதமுனை. கைத்தறிக்குப் பேர்போன ஊர், சாறமும் சாறியும் நெய்கிறவர்கள். தெரிந்தவர் மூலம் நேரம் கேட்டு, தறி ஓடுகிற இடத்தை ஒருமுறை மகளுக்குக் காட்டுங்கள். பாவு என்கிற நெடுக்கு நூல் தறியில் எப்படி இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது, ஊடை என்கிற குறுக்கு நூல் அதைக் கொண்டோடுகிற ஓடக்கட்டையோடு எப்படிக் குறுக்கே ஓடுகிறது என்று கண்ணால் பார்த்த பிள்ளைக்கு, துணியை எந்தப் பக்கமாக வெட்டுவது என்று மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பாவு நூல் இழுவையில் நின்றது, கரைக்குச் சமாந்தரமாக ஓடுவது, அந்தப் பக்கம் துணி குறைவாகத்தான் இழுபடும். ஆகவே கட்டு நாடா, பைப்பிடி போன்றவற்றின் நீளம் பாவுப் பக்கமாக வர வேண்டும். நான் முதலில் துணி மிச்சம் பிடிக்க நாடாவைக் குறுக்கே வெட்டினேன். இரண்டே நாளில் அது நீண்டு, இடுப்புத் துணி முழங்காலுக்கு இறங்கிவிட்டது.

துணியைத் தெரிவுசெய்யும்போது கடைக்காரர் சொல்வதை மட்டும் எழுத வேண்டாம். காத்தான்குடிக் கடைகளில் வெட்டுத் துண்டு கேட்டால் தருவார்கள். மூன்று நாலு துண்டு வாங்கி வீட்டிலேயே சோதிக்கலாம். ஓரத்திலிருந்து சில நூல் உருவி, பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க, ஒரு தட்டில் வைத்து எரித்துப் பாருங்கள். பருத்தி கடதாசி எரிகிற மணத்தோடு எரிந்து மென்மையான சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிச் சுருண்டு கடினமான மணியாக இறுகும். கலப்புத் துணியில் இரண்டும் தெரியும். நிறம் போகிறதா என்று பார்க்க, நனைத்த வெள்ளைத் துணியால் இருபது தடவை தேய்த்து, அந்த வெள்ளைத் துண்டையே கோவையில் ஒட்டலாம். காயும் நேரத்துக்கு ஒரே அளவான துண்டுகளை நனைத்துப் பிழிந்து, ஒரே கொடியில் போட்டு மணி பார்க்கலாம். நான் பார்த்ததில் கைத்தறிப் பருத்தி நேரம் எடுத்தது, பழைய குடைத் துணி சட்டென்று காய்ந்தது. ஆனால் பருத்திக்கு ஒரு நல்ல குணம், நனைந்தால் அதன் பலம் கூடும். ரேயோன் நேர்மாறு, நனைந்தால் பலம் குறையும். அதனால் இடுப்போடு படுகிற பக்கத்துக்குக் கைத்தறி, பொக்கற்றின் உட்பக்கத்துக்கு உடைந்த குடையிலிருந்து கழற்றிய துணி என்று முடிவெடுத்தேன். செலவும் குறைந்தது.

நான் விட்ட பெரிய பிழையையும் சொல்ல வேண்டும். புதிய கைத்தறியைக் கழுவாமல் வெட்டிவிட்டேன். தைத்து முடித்து முதல் கழுவலில் பருத்தி சுருங்கியது, குடைத் துணி சுருங்கவில்லை. பொக்கற் எல்லாம் நெளிந்து நின்றது. பிரித்துத் திரும்பத் தைக்க ஒரு கிழமை போய்விட்டது. பிறகுதான் ரீச்சர் சொல்லித் தந்தார்: துணியில் 20 சென்ரிமீற்றர் சதுரம் ஒன்றை அழியாத மையால் கீறி, கழுவிக் காயவைத்து, திரும்ப அளக்க வேண்டும். 20 என்பது 19 ஆகியிருந்தால் சுருக்கம் 5 வீதம். இரண்டு பக்கமும் தனித்தனியாக அளக்க வேண்டும், ஒன்றுபோல் இருக்காது. வெட்டுவதற்கு முன் முழுத் துணியையும் கழுவிவிட்டால் கஞ்சியும் போகும், சுருக்கமும் பெரும்பாலும் முடிந்துவிடும்.

இயற்கைச் சாயம் செய்யப்போகிறேன் என்று மகள் சொன்னால் மஞ்சளைப் பற்றி எச்சரியுங்கள். நிறம் அழகாகப் பிடிக்கும், ஆனால் வெயிலில் மங்கும், சவர்க்காரம் பட்டால் சிவக்கும். தினமும் கழுவுகிற பொருளுக்கு அது வேண்டாம்.

நல்ல துணியில் கத்தரி வைக்கும் முன் பழைய படுக்கை விரிப்பில் ஒரு மாதிரி தைக்க வேண்டும். முதலில் கடதாசியில் வெட்டி ஊசியால் குத்திப் பார்க்கலாம், ஆனால் கடதாசி துணி மாதிரித் தொங்காது. நான் மூன்று மாதிரி தைத்தேன். முதலாவதை மாமியிடம் கட்டிக் காட்டியபோது, "இதென்ன புள்ள, குந்தினாக் கையை விடவே ஏலாது" என்றார். நான் அவரை நிற்கவைத்து அளந்திருந்தேன், அவரோ காலை முழுக்கக் குந்தியிருப்பவர். பொக்கற்றின் வாயைச் சரிவாக மாற்றியதும் சரியானது. பழுதான இந்த மாதிரிகளைப் பிள்ளைகள் வெட்கப்பட்டு எறிந்துவிடுகிறார்கள். தயவுசெய்து எறிய விடாதீர்கள். ஒவ்வொன்றிலும் திகதி எழுதிய ஒரு துண்டுக் கடதாசியைக் குத்தி, என்ன பிழை, அடுத்ததில் என்ன மாற்றினேன் என்று எழுதி வைக்கட்டும். வடிவமைப்பு உண்மையில் நடந்ததற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. நான் பார்த்த கோவைகளில் மனதில் நிற்பவை அப்படிப்பட்ட பக்கங்கள்தான்.

தைக்கும்போது சில விசயம். இந்தக் கனமான கைத்தறிக்கு 14 ஆம் இலக்க ஊசி போதும், நூல் பொலியெஸ்டராக இருக்கட்டும், அடிக்கடி ஈரத்தில் கிடந்தால் பருத்தி நூல் உக்கும், இது உக்காது. தையல் ஓரம் 1.5 சென்ரிமீற்றர் விட்டால் பிரித்துத் திருத்த இடம் இருக்கும். குடைத் துணியில் குண்டூசி குத்தினால் ஓட்டை அப்படியே நிற்கும், அதனால் உடுப்புக் கிளிப்பால் பிடித்துக்கொண்டு, தையலையும் 3 மில்லிமீற்றர் அளவுக்கு நீளமாக வைத்துத் தைப்பது நல்லது. நாடா சேரும் இடத்தில் ஒரு சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியும் போட்டுத் தைத்தால் இழுவை ஒரே வரியில் விழாது. மெசினில் முதலில் வெட்டுத் துண்டில் ஓடவிட்டுப் பார்த்து, அந்தத் துண்டையும் கோவைக்கு எடுத்துவையுங்கள்.

10 கிழமையை எப்படிப் பிரிப்பது என்று கேட்டிருந்தீர்கள். பார்ப்பதற்கு ஒன்று, நிபந்தனையும் வரைபடமும் ஒன்று, துணிச் சோதனை ஒன்று, மாதிரி தைக்க இரண்டு, வெட்டித் தைக்க மூன்று. எட்டாம் கிழமை முடிவில் பொருள் கையில் இருக்க வேண்டும். ஒன்பதாவது முழுவதும் அந்த ஆள் பாவித்துப் பார்க்க. பத்தாவது கோவையை ஒழுங்குபடுத்த மட்டும், எழுதுவதற்கு இல்லை; எழுத்து அன்றன்றே நடந்திருக்க வேண்டும். இந்தக் கிழமைகள் கார்த்திகை, மார்கழியில் விழுந்தால் மழையையும் கணக்கில் எடுங்கள். கழுவிய துணி காயாது, கரண்ட் போகும், வெள்ளம் வந்தால் பாடசாலையும் பூட்டும். அப்போது மாதிரி தைப்பதை ஒரு கிழமைக்குச் சுருக்கலாம், பாவித்துப் பார்க்கும் கிழமையில் கை வைக்க வேண்டாம். அதோடு, எதற்கு எவ்வளவு புள்ளி என்ற தாளை ரீச்சரிடம் முதல் நாளே கேட்டு வாங்குங்கள்.

செலவுக் கணக்கில் வாங்கிய துணியின் விலையையும், உண்மையில் பாவித்த துணியின் விலையையும் தனித்தனியாகக் காட்டச் சொல்லுங்கள். ஒரு மீற்றர் வாங்கி 60 சென்ரிமீற்றர் போயிருந்தால் பொருளின் விலையில் சேர்வது அந்த 60தான். மெசினில் இருந்த நேரத்தையும் குறித்துக்கொண்டால், விற்பதென்றால் என்ன விலை என்று அவளே சொல்லிவிடுவாள்.

பாவித்துப் பார்த்த கிழமை முடிய மாமியிடம் போய், எழுதி வைத்த நிபந்தனைகளை ஒவ்வொன்றாக வாசித்துக் கேட்டேன். காய்வதில் மட்டும் குறை, மழை நாளில் நாடா விடியவும் ஈரமாகவே இருந்திருக்கிறது. அதை அப்படியே எழுதினேன். போன் வைக்கிற பொக்கற்றைப் பற்றிக் கேட்டபோது அவர் ஒன்றும் சொல்லாமல் இடுப்புத் துணியைத் திருப்பிக் காட்டினார். அதைக் கையாலேயே பிரித்து, நாலு விரல் மேலே உயர்த்தி, சிவப்பு நூலால் திரும்பத் தைத்திருந்தார். அந்தச் சிவப்புத் தையலைப் படம் எடுத்துக் கோவையின் கடைசிப் பக்கத்தில் ஒட்டினேன்.